மேனேஜரின் தீனிப்பை

கோழிக்கு ஆபரேஷன் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "அடுப்புல ஏத்த வேண்டியத ஆபரேஷன் டேபிள்ல ஏத்திட்டு வந்திருக்கீங்களே" என்றார். கோழியின் சொந்தக்காரரான சலூன்காரர் அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்துவைத்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனாள்.

பெட்டிக்குள் இருந்தது மேனேஜர். செம்பழுப்பு நிறப் பெட்டை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிற ஆள் மாதிரி கொல்லையில் உலாத்தும். எதைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து, இது யார் பார்த்த வேலை என்பதுபோல் முறைக்கும். அதனால் அந்தப் பெயர். மாற்றலாகிப் போன ஒரு வாடிக்கையாளர், குஞ்சாக இருந்தபோது ஷூ பெட்டியோடு சலூன் பெஞ்சில் விட்டுவிட்டுப் போனது.

மேனேஜரின் உடம்புக்கு வந்த கேட்டுக்குக் காரணம் சலூன்காரர்தான். கடையில் கூட்டி அள்ளுகிற முடியை ஒரு பையில் போட்டு எடுத்து வந்து கொல்லைச் செடிகளின் வேரடியில் தூவுவார். மண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மண்ணுக்கு நல்லதோ என்னவோ, கோழிக்கு வினையாகிவிட்டது. புழுவைக் கிளறும்போது முடியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

கோழிக்குக் கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே, தீனிப்பை என்று ஒரு பை உண்டு. தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் தங்கும். சாயங்காலம் உப்பியிருப்பது ராத்திரியில் மெல்ல மெல்ல இறங்கி, விடியும்போது தட்டையாகிவிடும். மேனேஜருக்கு விடிந்த பிறகும் பந்து மாதிரியே நின்றது. டாக்டரம்மா கீறியபோது உள்ளேயிருந்து வந்ததும் ஒரு பந்துதான். கறுப்பு, நரை, சாயம் போட்ட செம்பட்டை எல்லாம் திரண்டு உருண்ட முடிப்பந்து. "உங்க தெருவுல பாதிப்பேர் தலை இதுக்குள்ள இருக்கும் போல" என்றார் டாக்டரம்மா. சலூன்காரர் அதைக் குனிந்து பார்த்தார். எது யாருடையது என்று அவருக்குத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

பைக்கு ஒரு தையல், மேல்தோலுக்கு ஒரு தையல் என்று இரண்டு அடுக்காகப் போட்டு அனுப்பினார்கள். தானியம் கூடாது, புல் கூடாது. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் தண்ணீரில் கரைத்து, காலை, மத்தியானம், சாயங்காலம் என்று வேளைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தால் போதும். டாக்டரம்மா கறாரான பேர்வழி. "பசியில கத்தும், கத்தட்டும். பை உப்புனா தையல் விட்டுடும். பாவம் பாக்காதீங்க. நீங்க பாவம் பாத்தா அது செத்துடும்" என்று இருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். இருவரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

அந்த வீட்டில் பேச்சு நின்றுபோய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது தேவலை, நாலு வார்த்தை சத்தமாக விழும். பால் வாங்கணும், சாவி எங்க, சிலிண்டர் வந்துச்சா, இவ்வளவுதான். எட்டாம் மாதத்தில் அவள் வயிற்றுப் பிள்ளை அசைவதை நிறுத்தியது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அவள் மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஆண் பிள்ளை என்பதுவரை சொன்னார்கள். அவள் பார்க்க வேண்டாம், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். பார்த்தது அவர் ஒருவர்தான். பார்த்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும்தான் காத்திருந்தாள். வரவில்லை. வந்ததென்னவோ பால். பிள்ளை போன பிறகும் பால் வரும் என்று அவளிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குத் திரும்பிப் போன முதல் நாளே, ஒரு பெரியவருக்கு ஃபிரேம் மாட்டிக் காது பக்கம் வளைத்துக்கொண்டிருந்தபோது ஜாக்கெட் நனைந்துவிட்டது. லென்ஸ் தேய்க்கிற மெஷின் இருக்கும் பின்னறைக்குப் போய் இறுக்கித் துணியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து, "இப்ப கீழ் வரி தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றார் அவர். பிறகு ஒருநாள் பாலும் வற்றியது. அப்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

மேனேஜர் வந்து சமையலறை மூலையில் படுத்த பிறகுதான் வீட்டில் மறுபடி பேச்சு கேட்டது.

"தண்ணி குடிச்சுதா?"

"ரெண்டு சொட்டு."

"எச்சம்?"

"போட்டுச்சு. பச்சையா இருக்கு."

"பச்சைன்னா பரவால்ல."

புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற பேச்சா இது என்று கேட்டால் கேட்கட்டும். அவர்களுக்கு வாய்த்தது இதுதான். மாமியார் கூட ஃபோன் போட்டார். மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அங்கே மழை பெய்கிறதா, இங்கே வெயில் கொளுத்துகிறது என்று வானிலை மட்டும் பேசியவர். இப்போது வாய் நிறைய விசாரித்தார். தையல் புண் ஆறுதா, வலி இருக்குமா, தூங்குதா, பாவம் வாயில்லா ஜீவன். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். இத்தனை கேள்வியும் இவரிடம் இருந்திருக்கிறது, கேட்க ஒரு கோழி தேவைப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மாமியார் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேனேஜர் செத்துவிட்டால் இந்த வீட்டில் பேசுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயமாகத் தெரியவில்லை, பில் கட்டாவிட்டால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்பதுபோல் ஒரு தகவலாகத் தெரிந்தது. பழைய மாதிரி பால், சாவி, சிலிண்டர். அதோடு மிச்ச ஆயுளையும் ஓட்ட வேண்டியதுதான்.

காலை ஸ்பூன் சலூன்காரருடையது, சாயங்கால ஸ்பூன் யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவருடையது. மத்தியானம் அவளுடையது. கண்ணாடிக் கடை அடுத்த தெருதான், சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டுப் போவாள். முதலில் ஒழுங்காகத்தான் கொடுத்தாள். ஸ்பூன் தீர்ந்ததும் மேனேஜர் கிண்ணத்தைக் கொத்தும், பிறகு அவள் விரலைக் கொத்தும், பிறகு தலையைச் சாய்த்து அவளைப் பார்க்கும். முறைக்கிற பழைய பார்வை இல்லை, கேட்கிற பார்வை. ஒருநாள் தனக்காக நறுக்கிய பப்பாளியில் ஒரு துண்டை மசித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வெடுக்கென்று கொத்தியது. வலித்தது. வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. மாதக்கணக்கில் முதல் தடவையாக அவளுடைய உடம்பு அவளிடம் ஒரு சேதி சொல்லியது.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. தினமும் மத்தியானம் ஸ்பூன் முடிந்ததும் பப்பாளி. ஒரு துண்டு இரண்டாயிற்று. மென்மையான பழம்தானே, இதெல்லாம் தீனியா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தோலையும் விதையையும் காகிதத்தில் சுருட்டிக் கடைக்கு எடுத்துப்போய் அங்கிருந்த குப்பைக்கூடையில் போட்டாள். ஊட்டாதே என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு அவள் ஊட்டினாள். அதில் அவளுக்குக் குற்ற உணர்வு இருந்ததா என்றால், இருந்திருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

விடியற்காலையில் பை தட்டையாகவில்லை. ஒருநாள் பாதி, மறுநாள் முக்கால், பிறகு சாயங்காலம் இருந்தது அப்படியே. சலூன்காரர் விரல் நுனியால் தையலைச் சுற்றித் தடவிப் பார்த்து, "எறங்கலையே" என்பார். அவள் "ஒரு ஸ்பூன்தான் குடுத்தேன்" என்பாள். "நானும் ஒரு ஸ்பூன்தான்" என்பார். இருவரும் தரையைப் பார்த்துப் பேசுவார்கள். தரையைப் பார்த்துப் பேசுவது அந்த வீட்டில் புதிதில்லை என்பதால் இருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு ஒரு காலை, பெட்டியைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் அடித்தது. மேனேஜர் கண்ணை மூடி, இறகைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. அலகைத் திறந்து திறந்து மூடியது.

கடை ஷட்டரைத் திறக்காமல் சலூன்காரர் பெட்டியைத் தூக்கினார். அவள் கடைக்கு ஃபோன் போட்டு வரமுடியாது என்றாள். முதலாளி காரணம் கேட்டார். கோழி என்றாள்.

மிருக ஆஸ்பத்திரி வராந்தாவில் நாய்க்காரர்களும் பூனைக்காரர்களும் இடம்விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் முறை வந்தது. டாக்டரம்மா மேனேஜரை மேஜைமேல் வைத்துத் துண்டால் சுற்றினார், பையை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சலூன்காரர் மஞ்சள் கரு என்றார். அவளும் மஞ்சள் கரு என்றாள். வேறெதுவும்? வேறெதுவும் இல்லை. ஒன்றுமறியாத பாப்பாக்கள் மாதிரி இருவரும் நின்றார்கள்.

"அப்ப தையல் உள்ளுக்குள்ள ஒட்டிக்கிச்சு, பை செயலிழந்து போச்சுன்னு அர்த்தம்" என்றார் டாக்டரம்மா. "இன்னொரு தடவ கீறினா தாங்காது. வலியில்லாம ஊசி போட்டுடலாம். அதுக்கு முன்னால உள்ள என்ன நிக்குதுன்னு பாத்துடறேன்."

மெல்லிய குழாய் ஒன்றை அலகு வழியாகப் பைக்குள் இறக்கினார். பின்னால் பெரிய சிரிஞ்ச். அவள் சிரிஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பப்பாளியின் ஆரஞ்சு நிறம் இதோ வரப்போகிறது, குட்டு உடையப்போகிறது. உடையட்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள், நாக்கு எழவில்லை. ஊசிவரைக்கும் போன பிறகும் வாயைத் திறக்காத பெண்ணை என்ன சொல்வது. கல்நெஞ்சக்காரி என்று சொல்லலாம். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

சிரிஞ்சில் வந்தது ஆரஞ்சு இல்லை, வெள்ளை. ஊறிக் கூழாகிப்போன ரொட்டி. பால் வாடை.

டாக்டரம்மா அதை எஃகுத் தட்டில் பீய்ச்சிவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடி ரொட்டி. மூன்றாவது இழுப்பில் ஆரஞ்சு நிறம் எட்டிப்பார்த்தது. பப்பாளி. தட்டில் இரண்டும் பக்கம் பக்கமாகக் கிடந்தன.

அவள் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டு முழி என்பார்களே, அது அவர் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. தன் முகத்திலும் அதுதான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரொட்டி யாரு?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான்" என்றார் சலூன்காரர்.

"பப்பாளி?"

"நான்" என்றாள்.

டாக்டரம்மா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவர் கையுறையைக் கழற்றினார். "ஒரே வீட்டுலதான இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். பை செயலிழக்கவில்லை, இரண்டு பேர் போட்டி போட்டுத் திணித்ததில் திணறிப்போயிருக்கிறது என்றார். தையல் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது இவர்கள் செய்த புண்ணியமில்லை, கோழி செய்த புண்ணியம். பையைக் கழுவி மருந்து விட்டிருக்கிறது. நாளை விடியும்வரை ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. காலையில் பை தட்டையாக இருந்தால் கோழி உண்டு. இல்லையென்றால் நேரே இங்கே தூக்கி வர வேண்டும், ஊசிதான். "ஒருத்தர ஒருத்தர் காவல் காத்துக்குங்க" என்றார் கடைசியாக.

வீட்டுக்கு வந்து அப்படித்தான் உட்கார்ந்தார்கள். சமையலறைத் தரையில், பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், கண்கொத்திப் பாம்பாக. அவர் எழுந்தால் அவள் பார்த்தாள். அவள் பாத்திரம் தேய்க்க எழுந்தால் அவர் கழுத்து திரும்பியது. பக்கத்து வீட்டுத் தபால்காரர் எட்டிப்பார்த்து, வீட்டில் ஏதும் திருட்டுப் போய்விட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார். மேனேஜர் பசியில் கத்தியது. கத்தி ஓய்ந்து கேவியது. சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து அடுப்பு மேடையில் விழுந்தது.

"ஏன் குடுத்தீங்க?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

சலூன்காரர் பெட்டியின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். முடி போட்டது தான்தானே, அதனால் மனசு கேட்கவில்லை என்று முதலில் சொன்னார். அது அவருக்கே போதவில்லை போல.

"ஆஸ்பத்திரில நீ தண்ணி கேட்ட" என்றார். "ஆபரேஷன் முடிஞ்சு, பாதி மயக்கத்துல. தண்ணி, தண்ணின்னு என் சட்டையப் பிடிச்சு இழுத்த. குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் குடுக்கல. வெளிய போய் நின்னுட்டேன். நீ கூப்பிட்டுட்டே இருந்தது கேட்டுச்சு. இதுவும் காலைல வாயத் தெறந்து தெறந்து பாத்துச்சு. இன்னொரு தடவ என்னால முடியல."

அவளுக்கு அது ஞாபகமே இல்லை. தண்ணீர் கேட்டதும் இல்லை, சட்டையைப் பிடித்ததும் இல்லை. தன் ஆயுளில் தான் இல்லாத ஒரு மணி நேரத்தை இந்த மனுஷர் தனியாகச் சுமந்துகொண்டு, தினமும் போய் ஊர்க்காரர்களுக்கு முடி வெட்டிவிட்டு வந்திருக்கிறார். அவர்மேல் இரக்கப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இரக்கம் எங்கோ தூரத்தில் வருவதுபோல் இருந்தது, வந்துசேரவில்லை.

"எனக்கு அது ஞாபகம் இல்லங்க" என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவள் ஏன் பப்பாளி கொடுத்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே அவளும் சொன்னாள். அது கையைக் கொத்தியது வலித்தது, அதனால் கொடுத்தேன் என்றாள். வேறு யாராக இருந்தாலும் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் முழித்திருப்பார்கள். அவர் அவளுடைய உள்ளங்கையை வாங்கிப் பார்த்தார். சின்னச் சின்னதாகக் கன்றிப்போயிருந்த இடங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே படுத்தார்கள். தூங்கினார்களா என்று கேட்டால் இருவருமே இல்லை என்பார்கள். ஆனால் சலூன்காரர் குறட்டை விட்டதை அவள் கேட்டாள்.

ஜன்னல் வெளுக்க ஆரம்பித்ததும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். மேனேஜர் அசையாமல் கிடந்தது. பெட்டிக்குள் கையை விட்டு, இறகுக்கு அடியில், கழுத்து முடிகிற இடத்தில் விரல்களை நுழைத்தாள். தையலின் முடிச்சுகள் தட்டுப்பட்டன. அதைச் சுற்றி மெதுவாகத் தடவினாள். பந்து இல்லை. பிடிப்பதற்கு எதுவுமே இல்லை. வெறும் தோல், கீழே எலும்பு, உள்ளே தடதடவென்று இதயம். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து அவளை முறைத்தது.

சலூன்காரர் எப்போது விழித்தார் என்று தெரியவில்லை. படுத்தபடியே கேட்டார்.

"காலியா?"

"காலி."

அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, முட்டை அவிக்கப் பாத்திரத்தை எடுத்தார். இனி காலை ஸ்பூன் உண்டு, மத்தியான ஸ்பூன் உண்டு, தண்ணி குடிச்சுதா, எச்சம் என்ன நிறம் எல்லாம் உண்டு. அதை வைத்தே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிவிடலாம். அவளுடைய கை இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. காலியாக இருந்த அந்த இடத்தை விட்டு அவளுக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை.

"அவனுக்கு முடி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. திரும்பவும் இல்லை. முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"இருந்துச்சு" என்றார். "நெறைய. நல்ல கறுப்பு. ஈரமா நெத்தியெல்லாம் விழுந்து கெடந்துச்சு. கண்ணு வரைக்கும். யாரும் சரி பண்ணல. நான்தான் விரலால ஒதுக்கி விட்டேன்."

"எந்தப் பக்கம்?"

அவர் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். ஈரமாக இருந்த கையை வேட்டியில் துடைத்தார். பிறகு ஒரே ஒரு விரலை அவள் நெற்றியில் வைத்து, அவிழ்ந்து கிடந்த முடியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக, அழுத்தாமல், காது வரைக்கும் ஒதுக்கிவிட்டார்.

அந்த விரல் போன வழி முழுக்க அவளுக்குத் தெரிந்தது.

"இன்னொரு தடவ" என்றாள்.